ஒன்றுக்கு இரண்டு: எங்கள் குசினிக் கோடியலின் வரலாறு

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், அதிபர்களின் பணியையும் கட்டடங்கள் எழுந்த வரலாற்றையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் எழுதத் தகுதியுடையோர் பலர் உள்ளனர். எவரும் எழுதமாட்டார்கள் என்று எமக்குத் தோன்றிய ஒன்றை நாம் எடுத்துக்கொண்டோம். இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடிக் களைத்து வந்தவளுக்கு வாளியிலிருந்து மொண்டு கொடுக்கப்பட்டது அது. காய்ச்சல் விட்ட மறுநாள் அம்மம்மா கரைத்துத் தந்தது அது. விருந்தினர் வந்தால் மட்டும் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து இறங்கியதும் அதுவே. நெல்லி, தேசிக்காய், கொடித்தோடை, மாம்பழம் என்று பெயர் மாறினாலும் எல்லாவற்றையும் நாம் கோடியல் என்றுதான் அழைத்தோம்.

இதற்கும் ஒரு வரலாறா என்று சிலர் கேட்கலாம். உண்டு. அது மருந்தகத்தில் தொடங்கிக் கப்பல்களில் ஏறி, மடங்களிலும் மனையியல் வகுப்புகளிலும் தங்கி, எங்கள் குசினிக்கு வந்த வரலாறு. அதை எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். எழுதிய இடம் கறுத்த மட்டை போட்ட கொப்பிகள். அந்தக் கொப்பிகளில் பல இன்று எம்மிடம் இல்லை. அதுவே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரணம்.

பெயரின் பூர்வீகம்

கோடியல் என்ற சொல் இதயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ஐரோப்பாவில் மத்திய காலத்தில் இதயத்துக்கு வலுவூட்டும் மருந்தைத்தான் அப்படி அழைத்தார்கள். மூலிகை, வாசனைத் திரவியம், வடித்த மது, சீனி ஆகியவற்றைக் கூட்டி மருந்து விற்போர் அதைத் தயாரித்தனர். வசதி படைத்தோருக்காக முத்தையும் பொன்னையும்கூடப் பொடித்துச் சேர்த்தார்கள். அக்காலத்தில் சீனியே மருந்துக்கடைச் சரக்காகத்தான் இருந்தது.

பிற்பாடு இந்தக் கலை இல்லங்களுக்கு வந்தது. பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கிலேயக் குடும்பப் பெண்கள் எழுதிவைத்த கையெழுத்து ஏடுகளில் சமையலும் மருந்தும் வேறுவேறாகப் பிரிக்கப்படவில்லை. ஒரு பக்கத்தில் இறைச்சி சமைக்கும் விதம் இருக்கும். அடுத்த பக்கத்தில் இருமலுக்கான பாணி இருக்கும். எங்கள் அப்பம்மாமாரின் கொப்பிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதுமையாக இராது. அங்கும் தொதோல் கிண்டும் முறைக்குப் பக்கத்தில்தான் வயிற்றோட்டத்துக்கான கைமருந்து எழுதப்பட்டிருந்தது.

ஆனால் கோடியலின் உயிரான சீனி மேற்கிலிருந்து வந்ததல்ல. கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் கலை இந்தியத் துணைக்கண்டத்தில் வளர்ந்தது. சர்க்கரை என்ற எமது சொல்லின் மூலமே பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பிய மொழிகளில் சீனிக்குரிய பெயராயிற்று. குடிப்பதைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து சர்பத்தும் சிறப்பும் பிறந்தன. ஆக, பாணி போத்தல் மேற்கே போய்ப் புதிய பெயரோடு எம்மிடம் திரும்பி வந்திருக்கிறது.

அது திரும்பி வரும்வரை நாம் வெறுங்கையோடு இருக்கவுமில்லை. சித்த வைத்தியத்தில் மணப்பாகு என்று ஒரு மருந்து வகை உண்டு. சாற்றையோ கசாயத்தையோ சர்க்கரையோடு சேர்த்து, மணம் வரும் பாகுப் பதத்தில் இறக்கிப் போத்தலில் வைப்பது அது. மாதுளை மணப்பாகு ஓங்காளத்துக்கும் ஆடாதோடை மணப்பாகு இருமலுக்கும் இன்றும் கொடுக்கப்படுகின்றன. செகராசசேகரம், பரராசசேகரம் என்று யாழ்ப்பாண அரசர்களின் பெயரால் வைத்திய நூல்கள் வழங்கும் மண் எமது மண். மணப்பாகை அறிந்திருந்த ஒரு சமூகத்துக்கு கோடியல் அந்நியமாகத் தோன்றியிருக்க நியாயமில்லை.

ஒன்றுக்கு இரண்டு

எங்களிற் பலர் வீட்டில் கேட்ட அளவு இதுதான்: சாறு ஒரு கோப்பை என்றால் சீனி இரண்டு கோப்பை. ஏன் இரண்டு என்று கேட்டால், “அப்பத்தான் பிள்ளை பழுதாகாது” என்பதே விடை. மருத்துவக் கல்வியில் மருந்தாக்கவியலைத் தொட்ட பின்னரே அந்த விடையின் முழுப் பொருளும் எமக்குப் புரிந்தது. பிரித்தானிய மருந்து நூலில் மருந்துப் பாணிக்கான அளவு, 1000 கிராம் பாணியில் 667 கிராம் சீனி. மீதி நீர். அதாவது நிறையால் ஒன்றுக்கு இரண்டு. பரிசோதனைச் சாலையில் அளந்து கண்ட விகிதமும் குசினியில் கோப்பையால் அளந்த விகிதமும் ஏறக்குறைய ஒன்றே. கோப்பையால் அளக்கும்போது சீனி சிறிது குறையும். அடுப்பில் ஆவியாகும் நீரும் பழத்திலுள்ள இயற்கைச் சீனியும் அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும்.

பாடசாலையில் உணவு நற்காப்பு என்ற தலைப்பில் நாம் படித்தது இதைத்தான். நுண்ணங்கிகள் வளர நீர் வேண்டும். சீனி அடர்த்தியாக இருக்கும்போது நீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. போத்தலில் நீர் இருந்தும் பூஞ்சணத்துக்கும் மதுவத்துக்கும் அது எட்டாத நீராகிவிடுகிறது. சீனி குறைந்தால் கோடியல் நுரைக்கத் தொடங்கும். சில வேளை மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சீனி கூடினால் அடியில் கற்கண்டு கட்டும்.

பெரியவர்கள் சொன்ன மற்றைய விதிகளுக்கும் இதேபோலக் காரணங்கள் உண்டு. தேசிக்காய்ப் புளி சேர்ப்பது சுவைக்காக மட்டுமல்ல. புளிப்பும் சூடும் சேரும்போது சீனியின் ஒரு பகுதி குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரிவதால் கற்கண்டு கட்டுவது தடுக்கப்படுகிறது. புளிப்பில் பல கிருமிகளும் வளரமாட்டா. போத்தலில் ஒரு சொட்டு ஈரமும் இருக்கக்கூடாது என்பார்கள். அந்தச் சொட்டு பாணியின் மேல் நின்று, அந்த இடத்தை மட்டும் ஐதாக்கிப் பூஞ்சணத்துக்கு வாசல் திறந்துவிடும். நெல்லிக்கு இரும்புக் கத்தி ஆகாது என்பார்கள். நெல்லியின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தால் சாறு கறுக்கும். பித்தளைச் சட்டி ஆகாது, மண்சட்டியோ எனாமல் சட்டியோ வேண்டும் என்பார்கள். புளிப்பு செம்பைக் கரைக்கும். செம்பு விற்றமின் சீயை அழிக்கும்.

விற்றமின் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் இந்த விதிகள் இருந்தன. இவற்றைக் கைப்பழக்கம் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. பழுதாகிய போத்தல்களைப் பார்த்துப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகத் திருத்திக்கொண்ட அறிவு இது.

கப்பலில் ஏறிய தேசிக்காய்

கோடியலின் வரலாற்றில் எமது துறைக்கு மிக நெருக்கமான பகுதி ஸ்கேர்வி நோயின் கதை. முரசு வீங்கி, இரத்தம் கசிந்து, பழைய காயங்களும் திறந்துகொள்ளும் இந்த நோயால் நீண்ட கடற்பயணங்களில் மாலுமிகள் பெருந்தொகையாக இறந்தார்கள். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதமான சிகிச்சைகளைக் கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் பெற்ற இருவரே சில நாட்களில் தேறினர்.

பழத்தை மாதக்கணக்கில் கப்பலில் வைத்திருக்க முடியாது. ஆகவே லிண்ட் சாற்றை மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வற்றவைத்து, பாணி போன்ற ஒன்றைச் செய்து வைத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தார். அந்தச் சூட்டிலேயே அதன் பயன் பெரும்பாலும் போய்விட்டது. தான் கண்ட மருந்தைத் தானே காய்ச்சிக் கெடுத்த கதை இது. பழச்சாற்றை நெடுநேரம் கொதிக்கவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

1795இலிருந்து பிரித்தானியக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கிவந்தது. வணிகக் கப்பல்களுக்கும் இது கட்டாயம் என்ற சட்டம் 1867இல் வந்தது. அதே 1867இல் லோக்லின் ரோஸ் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், மதுச்சாரம் சேர்க்காமல் தேசிக்காய்ச் சாற்றைக் கெடாமல் வைக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். அதுவரை சாற்றைக் காக்க ரம் கலப்பதே வழக்கமாக இருந்தது. இன்று கடைகளில் வாங்கும் மதுவற்ற கோடியலின் முன்னோடி இந்தப் போத்தல்தான்.

இதற்குள் எலுமிச்சைக்குப் பதிலாக மேற்கிந்தியத் தீவுகளின் சிறிய தேசிக்காய் கப்பல்களுக்கு வந்திருந்தது. அது கூடுதலாகப் புளித்ததால் கூடுதலாகப் பயன் தரும் என்று நம்பினார்கள். 1875இல் வடதுருவத்தை நோக்கிப் புறப்பட்ட பிரித்தானியப் பயணக் குழு தேசிக்காய்ச் சாற்றோடு சென்றும் ஸ்கேர்வியால் வாடியது. காரணத்தைத் தெளிவாகக் காட்டியவர்கள் பெண்கள் என்பதை இந்த மலரில் குறிப்பிடுவதில் எமக்குத் தனி மகிழ்ச்சி. ஹரியற் சிக்கும் அவருடைய சக ஆய்வாளர்களான மார்கரெட் ஹியூம், ரூத் ஸ்கெல்ற்ரன் ஆகியோரும் 1918இல் வெளியிட்ட ஆய்வில், அந்தத் தேசிக்காயின் ஆற்றல் எலுமிச்சையின் ஆற்றலில் ஏறத்தாழக் காற்பங்குதான் என்றும், போத்தலில் நெடுநாள் வைத்த சாற்றில் அதுவும் மிஞ்சுவதில்லை என்றும் காட்டினார்கள். புளிப்பு வேறு, விற்றமின் சீ வேறு என்பது அப்போது தெளிவாயிற்று.

சங்கம் பிறந்த பத்தாண்டு

எமது சங்கம் தோன்றிய 1920களை இந்தக் கண்ணோடு பார்த்தால் வியப்பான ஒற்றுமைகள் தெரிகின்றன. 1928இல் ஹங்கேரியரான சென்ற்-ஜோர்ஜி, பின்னாளில் விற்றமின் சீ என்று உறுதியான பொருளைத் தனியாகப் பிரித்தெடுத்தார். அதற்காகவும் அதையொட்டிய ஆய்வுகளுக்காகவும் 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1929இல் கொழும்பில் ஹில்டா டொய்ற்றம் தொகுத்த சிலோன் டெய்லி நியூஸ் சமையல் நூல் முதன்முதலாக வெளிவந்தது. இலங்கை வீடுகளின் சமையலை எழுத்தில் திரட்டிய பெருநூல்களுள் அது முக்கியமானது. மீண்டும் மீண்டும் பதிப்பிக்கப்பட்டு இன்றும் புழக்கத்தில் உள்ளது.

யாழ்ப்பாணத்தில் அதே 1928இல், தோலகட்டியில் அருட்தந்தை தோமஸ் அடிகளார் செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கினார். செபமும் மௌனமும் கைத்தொழிலும் சேர்ந்த வாழ்க்கை அவர்களுடையது. காலப்போக்கில் தோலகட்டியின் முந்திரிகை வைனும் நெல்லி கிரஷ்ஷும் குடாநாடெங்கும் பெயர்பெற்றன. எங்கள் வயதினருக்கு நெல்லிரசம் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது அந்த ஆச்சிரமத்துப் போத்தல்தான்.

பெண்கல்வியின் வரலாறும் இதில் கலந்திருக்கிறது. உடுவிலில் 1824இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய மகளிர் விடுதிப் பாடசாலையிலிருந்து, எமது மண்ணின் பெண்கள் பாடசாலைகளில் எழுத்தறிவோடு தையலும் வீட்டு நிர்வாகமும் சேர்ந்தே கற்பிக்கப்பட்டன. பெண்ணைக் குசினிக்குள் இருத்துவதற்கான கல்வி இது என்று பிற்காலத்தில் விமர்சித்தோம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் அளவுக் கோப்பை, கொதிநீரில் போத்தலைத் தொற்றுநீக்குதல், திகதி எழுதிய சீட்டு ஒட்டுதல் ஆகியவற்றை எம்மிற் பலர் முதலில் பழகியது இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் அல்ல, மனைப் பொருளியல் அறையில். பிற்காலத்தில் சத்திரசிகிச்சைக் கூடத்தில் கைகழுவி நின்ற எம்மிற் சிலருக்குத் தூய்மையின் முதற்பாடம் அங்கேதான் கிடைத்தது.

போத்தலின் மறுபக்கம்

சீனி குறைந்தால் கோடியல் நுரைக்கும் என்று மேலே சொன்னோம். அந்த நுரையையே விரும்பி வரவேற்ற ஒரு மரபும் உண்டு. யாழ்ப்பாணத்தவருக்கு இதைப் பனைமரமே கற்பித்திருக்கிறது. முட்டிக்குள் சுண்ணாம்பு தடவி இறக்கினால் கருப்பணி. தடவாமல் விட்டால் கள். ஒரே பாளை, ஒரே சாறு. சுண்ணாம்பு நொதித்தலைத் தடுக்கிறது, அவ்வளவே வேறுபாடு. கருப்பணியைக் காய்ச்சினால் பாணி, இன்னும் காய்ச்சினால் பனங்கட்டி. அதையே கல்லாக்காரமாக விளையவிட்டு இருமலுக்கு வைத்துக்கொண்டார்கள். பனம்பழக் களியை வெயிலில் காயவைத்துப் பனாட்டாக்கி, அதைப் பாணியில் ஊறவிட்டுப் பாணிப்பனாட்டு என்று பானையில் கட்டிவைத்ததும் நற்காப்புக் கலைதான்.

மதுவைத் தீண்டாத வீடுகளிலும் அரிஷ்டப் போத்தல் இருந்தது. கசாயத்தோடு சர்க்கரையும் தாதகிப்பூவும் சேர்த்துப் பாண்டத்தில் மூடிவைத்தால் அது தானே நொதித்து மதுச்சாரத்தை உண்டாக்கிக்கொள்ளும். அந்த மதுச்சாரமே மருந்தைக் கெடாமல் காக்கும். பிள்ளைப்பேற்றுக்குப் பின் தாய்மாருக்குத் தசமூலாரிஷ்டம் கொடுத்த அப்பம்மாமார் அதில் மதுச்சாரம் இருப்பதை எண்ணியிருக்கமாட்டார்கள். வைத்தியர்களாகிய நாம் எண்ணவேண்டியிருக்கிறது. பாலூட்டும் தாய்மாரும் ஈரல் நோயுள்ளோரும் அதைக் கேட்டறிந்தே குடிக்க வேண்டும்.

நத்தார்க் காலத்தில் கிறிஸ்தவ இல்லங்களில் இஞ்சி வைன் ஊற்றுவார்கள். கொழும்பிலும் பிற நகரங்களிலும் வாழ்ந்த பறங்கியர் இல்லங்களில் மில்க் வைன் செய்வார்கள். சாராயம், சீனி, வாசனைச் சரக்கு, தேசிக்காய், பால் ஆகியவற்றைச் சேர்த்து ஊறவிட்டு வடிப்பது அது. பால் திரைந்துவிட்டதே என்று பார்ப்பவர் பதறுவார். ஆனால் திரைந்த பாற்புரதம் துவர்ப்பையும் கலங்கலையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போக, துணியில் வடித்தபின் தெளிந்த பொன்னிறப் பானம் கிடைக்கும். கோடியலில் சீனி செய்த காவலை இங்கே மதுச்சாரம் செய்கிறது. இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

சீனி இல்லாத காலங்கள்

கோடியல் என்பது சீனி இருப்போரின் கலை. ஆகவே சீனி அற்றுப்போன காலங்களில் அது என்னவாயிற்று என்பதும் வரலாற்றில் சேர வேண்டும். 1970களின் நடுப்பகுதியில் சீனி கூப்பனுக்கு அளந்து கொடுக்கப்பட்டதை எங்கள் அம்மாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். தேநீருக்கே பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்த காலம் அது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் குடாநாட்டுத் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் முந்திரிகையும் செழித்தன. பழம் இருந்தது, பாணிக்குச் சீனி இல்லை.

எங்கள் தலைமுறை நேரில் கண்டது 1990க்குப் பின்னைய காலத்தை. மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் மருந்தும் அரிதாயின. சீனி விலை கைக்கெட்டவில்லை. குளிர்சாதனப் பெட்டி இருந்த வீடுகளில் அது புத்தக அலுமாரியாயிற்று. வெறும் ஜாம் போத்தலுக்கும் மதிப்பு வந்தது, ஏனெனில் அதற்குள் சிறிது பஞ்சும் அதில் ஊற மண்ணெண்ணெயும் விட்டு, திரி செருகிச் செய்த விளக்கில்தான் நாம் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்தோம். போத்தலைக் கோடியலுக்கு வைப்பதா விளக்குக்குக் கொடுப்பதா என்று வீட்டில் பேச்சு நடந்த காலம் அது.

அந்த நெருக்கடியிலும் கோடியல் முற்றாக மறையவில்லை, சிறுத்தது. விருந்துப் பானமாக இருந்தது மறுபடியும் மருந்தானது. குடாநாட்டில் மலேரியா பரவியிருந்த ஆண்டுகள் அவை. குளோரோகுயின் குளிசையின் கசப்புத் தொண்டையை விட்டுப் போகாமல் அழுத பிள்ளைக்கு ஒரு கரண்டி நெல்லிப் பாணி கிடைத்தது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டபோது, மருந்தையும் நுளம்புக் கட்டுப்பாட்டையும் பற்றிச் சரியாகவே பேசினோம். அந்தக் கரண்டியையும் ஒருமுறை நினைத்துக்கொண்டோம். அது நோயைத் தீர்க்கவில்லை. தீர்க்கும் மருந்தை உள்ளே இறங்கச் செய்தது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் புறப்பட்டது. நாவற்குழிப் பாலத்தைக் கடந்த அந்தக் கூட்டத்தில் எமது ஆசிரியைகளும் இருந்தார்கள், மாணவிகளும் இருந்தார்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கொஞ்ச நகை, இரண்டு உடுப்பு. சமையற்கொப்பியை எவர் எடுப்பார்? தோலகட்டி ஆச்சிரமத்தவரும் போரினால் தமது இடத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது. திரும்பி வந்தபோது கூரையில்லாத வீடுகளில் பலர் தேடியது உறுதிகளையும் புகைப்படங்களையும். கொப்பி போனதைப் பலர் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தார்கள். கேட்டுச் சொல்ல அம்மா இல்லாத நாளில்.

கடல் கடந்த போத்தல்கள்

இன்று இந்த மலரை வாசிப்போரிற் பெரும்பகுதியினர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் ஒஸ்லோவிலும் இருக்கிறார்கள். லண்டனில் இருப்போர் கோடியல் என்று கேட்டால் எல்டர்ப் பூப் பானம் கிடைக்கும். வட அமெரிக்காவில் அதே சொல் இனிப்பு மதுவைக் குறிக்கும். பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கோடியல் தருவோம் என்று சொல்லி அயலவரைத் திகைக்க வைக்காமல் இருப்பது நல்லது. பழைய மருந்துக் கோடியலின் மதுப் பாதி ஒரு கண்டத்திலும் சீனிப் பாதி மற்றையவற்றிலுமாகப் பிரிந்து வாழ்கிறது.

பிரித்தானியாவில் வாழும் தோழியருக்கு இன்னொரு செய்தி. இரண்டாம் உலகப் போரில் தோடம்பழக் கப்பல்கள் வருவது குறைந்தபோது, அந்த நாட்டில் பாடசாலைப் பிள்ளைகளும் தொண்டர்களும் வேலியோரக் காட்டுறோசாக் காய்களைப் பறித்துக் கொடுக்க, அவற்றிலிருந்து விற்றமின் சீ நிறைந்த பாணி செய்யப்பட்டது. 1942இலிருந்து பிளக்கரன்ற் பாணி சிறு குழந்தைகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. இன்று கடைகளில் காணும் ரைபீனா அவ்வாறு வீடுதோறும் அறிமுகமானதுதான். முற்றுகைக் காலத்தில் பிள்ளைகளுக்காகப் பாணி காய்ச்சிய தாய்மார் எமது மண்ணில் மட்டும் இருந்தவர்களல்லர்.

இன்று சிகிச்சை நிலையத்தில்

இவ்வளவும் சொன்ன பின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது எமது தொழிலுக்கு அழகல்ல. இலங்கையில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாக 2008இல் வெளியான தேசிய ஆய்வு காட்டியது. அதன் பின் நிலைமை மோசமாகியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. புலம்பெயர்ந்த எம்மவரிடையேயும் இது குறைவல்ல.

ஒன்றுக்கு இரண்டு என்று காய்ச்சிய கோடியலில் 40 மில்லிலீற்றரை எடுத்து ஒரு கிளாஸ் தண்ணீரில் கரைத்தால், அதில் ஏறக்குறைய 34 கிராம் சீனி இருக்கும். ஒருநாளுக்குச் சேர்க்கப்படும் சீனியை முடியுமானால் 25 கிராம் அளவுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டலின் சாரம். ஒரு கிளாஸ் அதைத் தாண்டிவிடுகிறது. “நெல்லி சீனி வருத்தத்துக்கு நல்லதுதானே டொக்டர்” என்று எம்மிடம் கேட்கும் அன்ரிமாருக்கு நாம் சொல்வது: நெல்லி நல்லது அன்ரி, அதைச் சுற்றி நிற்கிற சீனிதான் பிரச்சினை.

அப்படியானால் கோடியலைக் கைவிடுவதா? எமது முடிவு வேறு. சீனி அத்தனை வேண்டியிருந்தது குளிர்சாதனப் பெட்டி இல்லாததால். அது கெடாமல் காக்கும் காவலாளி. இன்று காவலுக்குக் குளிர் இருக்கிறது. ஆகவே சாறு ஒன்றுக்குச் சீனி அரையாகக் குறைத்து, சிறு போத்தல்களில் உறைபெட்டியில் வைத்து, எடுத்ததை ஒரு கிழமைக்குள் முடித்துவிடலாம். காரணம் தெரிந்தவளுக்கே அளவை மாற்றத் தெரியும். காரணம் தெரியாமல் சீனியைக் குறைத்து அலுமாரியில் வைத்தால் போத்தல் வெடிக்கும். அம்மாமாரின் விதிகளைக் காரணத்தோடு சேர்த்துக் காப்பாற்ற வேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

நெல்லிக் கோடியல்: ஒரு முறை

ஒரு கிலோ அரைநெல்லி அல்லாத பெரிய நெல்லியைக் கழுவி, இட்டலிப் பானையில் ஆவியில் அவியுங்கள். சுளை வெடித்தவுடன் இறக்குங்கள். விதை நீக்கி, இரண்டு கோப்பை கொதித்தாறிய நீரோடு அரைத்து, சுத்தமான துணியில் பிழியுங்கள். கிடைத்த சாற்றை அளந்துகொள்ளுங்கள். சாறு ஒரு கோப்பைக்குச் சீனி இரண்டு கோப்பை வீதம் எடுத்து, சீனி நனையும் அளவு மட்டும் நீர் விட்டுத் தனியே பாணி காய்ச்சுங்கள். ஒரு துண்டு இஞ்சியையும் ஒரு தேசிக்காயின் புளியையும் அதில் சேருங்கள். நூற்பதம் வரத் தேவையில்லை; சீனி முழுவதும் கரைந்து ஒரு கொதி வந்தால் போதும். அடுப்பை அணைத்த பிறகு சாற்றை ஊற்றிக் கலக்குங்கள். லிண்ட் செய்ததுபோலச் சாற்றைக் கொதிக்கவிட வேண்டாம். கொதிநீரில் போட்டு எடுத்து, முற்றாக உலரவைத்த கண்ணாடிப் போத்தலில் சூட்டோடு நிரப்பி, திகதி எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கடைச் சரக்கில் சேர்க்கும் சல்பைற் நற்காப்புப் பொருள் வீட்டுக்கு வேண்டியதில்லை. ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது இழுப்பைத் தூண்டும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நூற்றாண்டு விழா முடிந்ததும் இந்த மலர் அலுமாரிக்குப் போகும். அதற்கு முன் ஒரு காரியம் செய்வோம். உங்கள் வீட்டில் அம்மா, அம்மம்மா, மாமி, பழைய ஆசிரியை எவரிடமாவது ஒரு கொப்பி எஞ்சியிருந்தால் அதன் பக்கங்களைப் படம் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். கொப்பி இல்லையென்றால் கேட்டு எழுதுங்கள். எழுதும்போது மூன்றைக் கேளுங்கள்: எவ்வளவு, எந்தப் பாத்திரம், ஏன். “கண்ணளவு” என்று அவர்கள் சொன்னால் விடாதீர்கள். ஒரு கோப்பையைக் கையில் கொடுத்து, அவர்கள் போடுவதை நீங்கள் அளந்துகொள்ளுங்கள். எண்பது வயதைக் கடந்த எமது மூத்த மாணவிகளிடம் இதை இந்த ஆண்டே கேட்டுவிட வேண்டும். நினைவு மங்கும் நோய் எங்கள் சிகிச்சை நிலையங்களில் நாள்தோறும் என்ன செய்கிறது என்பதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நூறு ஆண்டுகளில் எமது சங்கம் கூரை போட்டது, புலமைப்பரிசில் கொடுத்தது, சிதைந்த மண்டபத்தை மீளக் கட்டியது. இனி இந்த அளவுகளையும் சேர்த்துவைப்போம்.